வகுப்புக்கே ஒரு பித்தப்பை

எங்கள் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். ஸ்கேன் மெஷின் ஒன்று. வைத்துப் பார்க்க வயிறும் ஒன்றுதான். அந்த வயிற்றின் சொந்தக்காரியை எல்லோரும் டெமோ என்றே கூப்பிட்டோம்.

முதலாண்டில் துறைத் தலைவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நீதாம்மா ஒல்லியா இருக்க. படம் சுத்தமா விழும். ஏறிப் படு" என்றார். அன்று படுத்தவளை அவர் மூன்று வருடம் எழுந்திருக்க விடவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் வெறும் வயிற்றோடு வருவாள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். "பட்டினி கிடந்து படிக்கிற படிப்ப இப்பத்தான் பாக்கிறேன்" என்பாள் அவள் அம்மா. நாங்கள் ஜெல்லைக் கொட்டி, வயிற்றில் வைத்துத் தேய்க்கும் ஸ்கேன் புரோபை விலா எலும்பில் இடித்து, அவள் பித்தப்பையிலேயே தொழில் கற்றோம். தனக்கும் ஒரு வாய்ப்பு என்று அவள் கேட்டால், "உனக்கென்ன அவசரம்? கிட்ட இருந்து பாத்துட்டுதானே இருக்க" என்பார் துறைத் தலைவர். அவள் பார்த்தது மேலே ஓடும் மின்விசிறியை.

இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு வரை அவள் புரோபைக் கையில் பிடித்ததில்லை. அதில் தவறினால் பட்டம் இல்லை. வேலைக்கு வரச்சொன்ன ஸ்கேன் சென்டரும் இல்லை.

வெளிக் கல்லூரியிலிருந்து ஓர் அம்மையார் தேர்வாளராக வந்தார். இருபத்தேழு பேருக்கும் டெமோதான் படுத்தாள். கடைசிப் பெயரைக் கூப்பிட்டதும் வயிற்றைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

"பேஷன்ட் எங்க?"

"நான்தான் மேடம்."

"அப்ப உனக்கு யாரு?"

நாங்கள் எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தோம். தேர்வு பயத்தில் காலையிலிருந்து எதுவும் இறங்காதவர் துறைத் தலைவர் ஒருவர்தான். வந்ததும் அவரே அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"அப்ப நீங்களே படுங்க சார்" என்றார் தேர்வாளர்.

டெமோ ஜெல் புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிச் சூடாக்கினாள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை. விலா எலும்பு படாமல் புரோபை வைத்தாள். எந்த இடத்தில் அழுத்தும்போது நாங்கள் "வந்துடுச்சு" என்போம் என்பது அவள் உடம்புக்கே தெரியும்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க சார். ம், விடலாம்."

"விடலாம்" என்று சொல்ல மறந்து அவளை எத்தனை முறை திணற விட்டிருக்கிறோம்.

திரையில் பித்தப்பை வந்தது. உள்ளே வெள்ளையாக ஒன்று. அதன் பின்னால் கறுப்பு நிழல்.

"இடது பக்கம் திரும்புங்க சார்."

அவர் திரும்பினார். அதுவும் உருண்டது.

"கல்லு" என்றார் தேர்வாளர்.

"பழைய மெஷின் மேடம்" என்றார் துறைத் தலைவர், படுத்தபடியே. "அப்பப்ப இப்படி ஏதாவது காட்டும்."

தேர்வாளர் மேசையிலிருந்த தாளைத் தூக்கிப் பிடித்தார். மெஷின் நல்ல நிலையில் இருக்கிறது என்று அன்று காலை எழுதிக் கொடுத்த சான்று. "இது உங்க கையெழுத்துதானே? மெஷின் சரியில்லன்னா இருபத்தெட்டுப் பேருக்கும் திரும்பப் பரீட்சை வைக்கணுமே."

வகுப்பு முழுவதும் அவர் வயிற்றையே பார்த்தது. எங்கள் பட்டமும் அந்தக் கல்லோடுதான் கிடந்தது.

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "கல்லுதான்" என்றார்.

தேர்வாளர் டெமோவின் பெயருக்கு நேரே தேர்ச்சி என்று எழுதினார். துறைத் தலைவர் எழப் போனார்.

"இருங்க சார், நல்ல கேஸு. எல்லாரும் ஒரு தடவ வெச்சுப் பாருங்கப்பா" என்றார் தேர்வாளர்.

நாங்கள் வரிசையில் நின்றோம். ஜெல்லைச் சூடாக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.