கம்பளத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட்

கூடத்து மொசைக் தரையில் வழுக்கி விழுந்ததில் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், "இன்னொரு தடவ விழுந்தா நடக்கறது கஷ்டங்க" என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் அந்தத் துர்க்மேனியக் கம்பளத்தைப் பாலக்கோட்டு வீட்டுக் கூடத்தில் விரித்தேன். அந்த நாட்டு எரிவாயு ஆலையில் வேலை பார்த்தபோது வாங்கியது. வயதில் அப்பாவையும்விட மூத்தது. ஆட்டு ரோமத்தில் ஒவ்வொரு முடிச்சும் கையால் போட்டது. எத்தனை கால் மிதித்திருக்குமோ, அடர்சிவப்பு இன்னும் மங்கவில்லை. முக்கியமாக, வழுக்காது.

அதில் யானைப் பாதம் போன்ற வடிவங்கள் வரிசையாக இருக்கும். அப்பா குனிந்து பார்த்தார். "ராகிக் கொல்லயில ஆன மிதிச்சது பத்தாதுன்னு வூட்டுக்குள்ளயும் கூட்டியாந்துட்டியா?" கிண்டல் செய்தாரே தவிர, சுவரைப் பிடிக்காமல் நாலு எட்டு நடந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அதெல்லாம் நான் பெங்களூர் பஸ் ஏறும்வரைதான். அடுத்த வாரம் வந்து பார்த்தால் கம்பளத்தின் மேல் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் ஷீட்!

"அழுக்காயிடும்டா. நாலு பேரு வந்தா எடுத்துக்கலாம்" என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் எல்லாமே இப்படித்தான். சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் துண்டு. டிவி ரிமோட் இன்னும் வாங்கிய கவருக்குள்தான் இருக்கிறது.

"மிதிக்கத்தாம்மா இத நெய்ஞ்சாங்க. ஆடு மேய்க்கறவங்க கூடாரத்துல வெறும் மண்ணுமேல விரிச்சது" என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

"அவங்க மிதிச்சா நாமளும் மிதிக்கணுமா?"

வாராவாரம் நான் ஷீட்டை உருவுவேன். நான் தெருமுனை தாண்டுவதற்குள் அது திரும்ப ஏறிவிடும். ஒருமுறை சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். அம்மா காரிமங்கலம் சந்தையில் புதிதாக ஒன்று வாங்கிவந்துவிட்டார், பூப்போட்டது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன மாதம், குளித்துவிட்டு ஈரக் காலும் கையில் காப்பியுமாக வந்த அப்பா அந்த ஷீட்டில் வழுக்கி விழுந்தார். அதே இடுப்பு. போன் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலருகே நின்ற அம்மாவைத் திட்ட வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவள எதுக்குடா திட்டற? காப்பி பூராவும் ஷீட்டு மேலதான் கொட்டுச்சு. கம்பளத்துல ஒரு சொட்டு படல."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.