தொப்புளில் ஒரு தையல்

செஞ்சியில் ஒரு சர்ஜன் எங்கே படித்தவர் என்று யாரும் கேட்பதில்லை. கைராசி உண்டா என்றுதான் விசாரிப்பார்கள். எனக்கு உண்டு என்று பெயர். சிங்கவரத்தில் ஒருவருக்குக் குடலிறக்கம் சரிசெய்தால், அடுத்த வாரம் அவர் தெருவிலிருந்து நாலு பேர் வந்து வயிற்றைக் காட்டுவார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன். உள்ளுக்குள் ஒரே பூரிப்புதான். அந்தப் பெயர் போய்விடக் கூடாது என்பதுதான் என் ஒரே பயம்.

அப்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ரோபோ வந்து சேர்ந்தது.

முதலில் சிக்கியவர் அவலூர்பேட்டையில் மளிகைக்கடை நடத்தும் ஓர் அம்மாள். பித்தப்பையில் கல். தன் ஓரகத்திக்கு நான் செய்த ஆபரேஷனைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தவர். நான் தள்ளி உட்கார்ந்து கையை அசைப்பேன், அதே மாதிரி ரோபோவின் கை உங்கள் வயிற்றுக்குள் அசையும் என்று ஆசை ஆசையாக விளக்கினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ நீங்க கை வெக்க மாட்டீங்களா டாக்டரம்மா?"

"என் கைதாம்மா அதை ஆட்டுது."

"ஆட்டுறது வேற, வெக்கிறது வேற. அந்த மெஷினுக்கு ராசி இருக்குதா இல்லியான்னு யாருக்குத் தெரியும்? நான் பஸ் ஏறுறேன்."

அவர் பஸ் ஏறினால் விஷயம் ஊரெல்லாம் பரவிவிடும். பேரம் பேசினோம். ஒரே ஒரு தையலாவது என் கையால் போட வேண்டும் என்பதில் வந்து நின்றார். உண்மையில் மேல்தோலை ரோபோ தைப்பதே கிடையாது. எல்லாத் துளைகளையும் கையால்தான் தைக்கிறோம், வழக்கமாக என் உதவி டாக்டர் தைப்பார். இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. பெரிய மனது பண்ணுகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு சரி என்றேன்.

ஆபரேஷன் சுத்தமாக முடிந்தது. மற்ற துளைகளை உதவி டாக்டர் தைத்தார். பித்தப்பையை வெளியே எடுத்த தொப்புள் துளையை, சொன்ன வாக்குக்காக, நானே தைத்தேன். நர்சுகள் பார்க்கட்டும் என்று கொஞ்சம் பந்தாவாகவே தைத்தேன்.

தையல் பிரிக்க வந்தபோது தொப்புள் மட்டும் சிவந்து சீழ் வைத்திருந்தது. அந்த அம்மாள் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"மனசு கஷ்டப்படாதீங்க டாக்டரம்மா. மெஷினு தெச்சதெல்லாம் பாருங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருக்குது. நீங்க தெச்சதுதான் புடிக்கல."

பக்கத்தில் உதவி டாக்டர் பஞ்சு எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கைராசி உதவி டாக்டருக்குப் போய்விடும். அதற்குப் பதில் அந்த ரோபோ இரும்பே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் வயிறு எரிந்தது.

புண்ணைக் கழுவி மருந்து கொடுத்ததில் அந்த அம்மாளுக்குச் சீக்கிரமே சரியாகிவிட்டது. பிறகு அவர் கணவர் குடலிறக்கத்துக்கு வந்தார். மயக்க மருந்து கொடுக்கும் முன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. வூட்ல சொல்லி அனுப்பிச்சாங்க. நீங்க மட்டும் கை வெக்காம பாத்துக்குங்க."

சரிங்க என்றேன். அவருக்கு எல்லாத் தையலையும் உதவி டாக்டரே போட்டார். ஒரு குறையும் இல்லாமல் ஆறித் தொலைந்தது.