எழுபத்தெட்டாம் நிமிடத்துக்குப் பிறகு

என் சின்னண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "அவன்தான் அந்த அட்டைங்களைக் கட்டிக்கிட்டானே" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. தேசியக் கால்பந்துச் சங்க அலுவலகத்தில் மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் நான்கு இரும்பு அலமாரிகள். நாட்டுக்காக ஆடிய ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. எத்தனை ஆட்டம், எத்தனை கோல், எந்த நிமிடத்தில் இறங்கினார், எந்த நிமிடத்தில் வெளியே வந்தார், எல்லாம் அதில் இருக்கும். நாற்பத்திரண்டு வருடமாக அந்த அட்டைகளுக்கு இவன்தான் காவல். அறுபது வயதானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுவாரமே வந்து கூட்டிப் போனார்கள், எந்த அட்டை எங்கே இருக்கிறதென்று வேறு ஒருத்தருக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் "பதிவேடு".

பெரியண்ணன் லாரிப் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. "மூணு நிமிஷம்." அது வந்த கதையைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

பெரியண்ணன் பட்டறை அணியில் இடது ஓரத்தில் ஓடுவார். இருபத்தாறு வயதில் ஒரே ஒரு தடவை தேசிய அணிக்கு எடுத்தார்கள், அதுவும் மாற்று ஆட்டக்காரராக. பதினான்காம் எண் சட்டை. அன்றைக்கு நல்ல மழை. நம்மவர்கள் நாலு கோல் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மூன்றாவது கோல் விழுந்ததுமே எங்கள் அப்பா குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மட்டுமா, பார்க்க வந்த கூட்டத்தில் முக்கால்வாசி கலைந்துவிட்டது. பெரியண்ணன் தலை முதல் கால்வரை சேறாக வந்து நின்றார். "எண்பத்தேழாவது நிமிஷத்துல என்னை இறக்கினாங்கப்பா. மூணு நிமிஷம் ஆடினேன். ரெண்டு தடவை பந்து கால்ல பட்டுச்சு" என்றார்.

அப்போது சின்னண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. சங்கத்தில் தட்டச்சராகச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆட்டத் தாளைத் தட்டச்சு செய்தவன் அவனே. பையிலிருந்து நகலை எடுத்துப் பார்த்துவிட்டு, "தாள்ல இல்லையே" என்றான். மறுநாள் பத்திரிகையிலும் இல்லை. அடுத்த மாதம் பயிற்சியில் பெரியண்ணனின் முழங்கால் திருகிக்கொண்டது. அதன்பின் அவரை யாரும் கூப்பிடவில்லை.

அவர் ஒருமுறை அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். நாலு பேர் முன்னால் சின்னண்ணன் தன் கூடப்பிறந்தவரைப் பார்த்து, "ஆதாரம் இருந்தா எழுத்துல கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றானாம். வீட்டில் "வாண்ணே, போண்ணே" என்பவன் அங்கே "கொண்டு வாங்க" என்றதுதான் பெரியண்ணனுக்குச் சுருக்கென்றது. அண்ணன் என்பதற்காக ஒரு புள்ளிகூடக் கூட்டிப் போடாதவன் என்று சின்னண்ணனுக்கு அலுவலகத்தில் பெரிய பெயர் வந்தது. அந்தப் பெயரின் மேல்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

நாங்கள் சும்மா இருந்தோமா? பெரியண்ணன் சாப்பிட வரத் தாமதித்தால், "மூணு நிமிஷத்துல வந்துடுவாரு" என்போம். அவர் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தவள் நான்தான். நல்ல மனுஷர், கூடவே சிரிப்பார். அவர் மகன் எட்டாம் வகுப்பில், தன் அப்பா நாட்டுக்காக ஆடியவர் என்று கட்டுரை எழுதினான். அந்த வாத்தியாருக்குக் கால்பந்துப் பைத்தியம். சின்னண்ணன் தொகுத்து அச்சிட்ட ஆட்டக்காரர் பட்டியல் புத்தகம் அவரிடம் இருந்தது. வகுப்பு முன்னால் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டி, "எங்கே உங்க அப்பா?" என்று கேட்டிருக்கிறார். பையன் வீட்டுக்கு வந்து பையை விசிறி எறிந்தான். அதற்குப் பிறகு அப்பாவிடம் அவன் முகம் கொடுத்துப் பேசியதை நான் பார்த்ததில்லை. கொஞ்ச வருடம் கழித்து யாரோ பழைய கதையைக் கிளறியபோது பெரியண்ணன், "அதெல்லாம் சும்மா, விடுங்க" என்றார். அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் மூளை.

போன வருடம் சங்கம் எல்லா அட்டைகளையும் கணினியில் ஏற்ற ஆரம்பித்தது. பதிவேற்ற வந்தவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கறாரான பெண்மணி. ஒருநாள் மத்தியானம் அவர் சின்னண்ணனிடம் வந்து ஒரு பட்டியலை நீட்டினார்.

"சார், ஒண்ணு கேக்கணும். இந்தப் பதினோரு வருஷத்துல நம்ம ஊர்ல அறுபத்து நாலு மேட்ச் நடந்திருக்கு. ஒண்ணுலகூட எழுபத்தெட்டாவது நிமிஷத்துக்கு அப்புறம் யாரும் மாறி இறங்கலை. வெளிநாட்டுல ஆடினப்போ மட்டும் எண்பத்தஞ்சு, எண்பத்தெட்டுன்னு நிறைய வருது. அது எப்படி சார்?"

அந்தப் பதினோரு வருடமும் உள்ளூர் ஆட்டத் தாளைத் தட்டச்சு செய்தவன் இவன். அந்தக் காலத்தில் பத்திரிகையின் வெளியூர்ப் பதிப்பு சீக்கிரமே அச்சுக்குப் போய்விடும். அதனால் எழுபத்தெட்டாவது நிமிடத்தோடு தாளை முடித்துவிடுவது வழக்கம். இவன் அதை எண்ணெய்த்தாளில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குச் சைக்கிளில் பறப்பான். அதன்பின் கோல் விழுந்தால் ஆட்டச் செயலாளர் போனில் சொல்லிவிடுவார், மறுநாள் அலுவலக நகலிலும் மையால் சேர்த்துவிடுவார். கோலுக்கு மட்டும்தான் அந்த மரியாதை. கடைசி நேரத்தில் எவன் இறங்கினால் யாருக்கென்ன? ஆள் மாறியதையும் அவர் சேர்த்துவிடுவார் என்று இவன் நம்பினான்; மறுநாள் நகலில் அண்ணன் பெயர் இல்லாததால் அவர் இறங்கவே இல்லை என்று முடிவுகட்டினான். செயலாளரோ அது தட்டச்சுக்காரன் வேலை என்று இருந்துவிட்டார். இப்படி ஒருவரை ஒருவர் நம்பியே பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான் அட்டை, அட்டையை வைத்துத்தான் புத்தகம்.

அன்று அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பாப்பா, அண்ணன் இறங்கினப்போ நான் மைதானத்துலயே இல்லை. சைக்கிள்ல போயிட்டிருந்தேன்" என்றான். அறுபது வயதிலும் நான் அவர்களுக்குப் பாப்பாதான். என் பிள்ளைகள் கல்யாணமாகிப் போன வெறும் வீட்டில், சாப்பாட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அவன் அழுததைப் பார்த்தேன். எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

அழுதாலும் அவன் புத்தி கணக்கை விடவில்லை. வெளிநாட்டு ஆட்டங்களின் விகிதத்தை வைத்துப் பார்த்தால் ஐம்பது தடவையாவது ஆள் மாறியது விட்டுப்போயிருக்க வேண்டும் என்றான். பெரும்பாலானோருக்கு அது இருபது ஆட்டத்தில் ஒன்று குறைவது, அவ்வளவுதான். எட்டுப் பத்துப் பேருக்கு அந்த ஒன்றுதான் இருந்திருக்கும். அவர்கள் புத்தகத்திலேயே இல்லை. பத்து வீடுகளில் பத்துப் பொய்யர்கள்.

சங்கத்துக்கு உண்மையை எழுதிக் கொடுத்தான். செயற்குழு கூடியது. இவனே முப்பது வருடத்துக்கு முன் எழுதிக் கையெழுத்துப் போட்ட விதியை இவனுக்கே படித்துக் காட்டினார்கள்: எழுத்து ஆதாரம் இல்லாத எதையும் ஏற்கக் கூடாது. பேனைப் பெருமாளாக்க வேண்டாம் என்று தலைவர் தோளைத் தட்டி அனுப்பினார். இவன் விடவில்லை. அந்தப் பதினோரு வருடத்தில் இங்கே வந்து ஆடிய எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் கடிதம் போட்டான். பழைய காகிதம் எதுவும் இல்லை என்று பாதிப் பேர் எழுதினார்கள். மீதிப் பேர் பதிலே போடவில்லை.

இதற்கிடையில் பெரியண்ணன் படுக்கையில் விழுந்துவிட்டார். நாற்பது வருடம் முகமூடி இல்லாமல் பெயிண்ட் தெளித்த நெஞ்சு. ஆக்சிஜன் உருளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால் டாக்டர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். சின்னண்ணன் தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றான். அண்ணன் கண் மூடுவதற்குள் அவரைப் புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

கடைசியில் வந்தது. அந்த மழை ஆட்டத்தில் நமக்கு எதிராக நாலு கோல் போட்ட நாட்டிலிருந்து ஒரு நகல். புரியாத பாஷை. எண்கள் புரிந்தன. நம் அணியில் எண்பத்தேழாவது நிமிடம், ஒன்பது வெளியே, பதினான்கு உள்ளே. பெயர் இல்லை. ஆனால் பதினான்காம் எண் யார் என்பது இவனே தட்டச்சு செய்த தாளில் இருந்ததே. செயற்குழு மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டது. இந்த ஒருத்தரோடு சரி, மற்றவர்கள் பேச்சை எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். இவன் புதிதாக ஓர் அட்டை எடுத்து எழுதினான். ஆட்டம் ஒன்று. கோல் இல்லை. மூன்று நிமிடம்.

அட்டையின் நகலையும் அந்த வெளிநாட்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு இருவருமாகப் போனோம். பெரியண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். நகக்கண்ணில் இன்னும் நீலப் பெயிண்ட். அண்ணி நாற்காலி எடுத்துப் போட்டாள். மகன் வாசற்படியில் போனை நோண்டிக்கொண்டு நின்றான்.

சின்னண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். எழுபத்தெட்டாவது நிமிடம், சைக்கிள், செயலாளர், கடிதம். ஒன்றையும் மறைக்கவில்லை. "தப்பு என்னோடதுண்ணே. நீ சொன்னதுதான் நிஜம். நாப்பத்தோரு வருஷமா நீ சொன்னதுதான் நிஜம்" என்றான்.

பெரியண்ணன் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மலரும் என்று நான் காத்திருந்தேன். அது வாடித்தான் போனது.

"என்ன காரியம்டா பண்ணிட்டே" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "சாகப்போறவனாச்சேன்னு எழுதிட்டியா?"

"இல்லைண்ணே, இதோ அவங்க தாள்…"

"தாள் கிடக்கட்டும். எவன்கிட்ட சொல்லி வாங்கினியோ. ஒரு புள்ளி தப்பா எழுதாதவன்னு ஊரெல்லாம் உன்னைச் சொல்லும். எனக்கு அதுல எவ்வளவு பெருமை தெரியுமா? இப்போ எனக்காக அதையும் தொலைச்சிட்டு, பழியை வேற உன் தலையில போட்டுக்கிட்டு வந்து நிக்கறே."

"அண்ணா, அவன் நிஜமாத்தான் சொல்றான்" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. இத்தனை வருடம் சிரித்தவள் திடீரென்று நம்பச் சொன்னால் யார் நம்புவார்?

"பாப்பா, நீயும் சேர்ந்துக்கிட்டியா?" என்றார். பிறகு மகன் நின்ற பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் இறங்கவே இல்லை. எத்தனையோ ராத்திரி யோசிச்சுப் பார்த்துட்டேன். கோட்டுக்கு வெளியே ஓடிட்டிருந்தேன், மழை, விசில் ஊதிட்டாங்க. ஆசையில ஏதோ சொல்லிட்டேன். இறங்கியிருந்தா எங்கேயாவது எழுதியிருப்பாங்கல்ல? நீ எழுதியிருப்பேல்ல?"

 சின்னண்ணன் அந்தக் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். நாலு பக்கமும் எழுத்தால் அடைத்து ஒரு மனுஷரின் நினைப்பையே நாங்கள் மாற்றி எழுதியிருக்கிறோம். இதைத் திருத்த எந்த நாட்டுக்குக் கடிதம் போடுவது?

"அழிச்சிடுடா. எனக்கு அது வேணாம். நாளைக்கே அழிச்சிடு" என்றார் பெரியண்ணன். மார்பு ஏறி இறங்கியது. அண்ணி ஓடிவந்து குழாயைச் சரிசெய்தாள். அவரை இனிப் பேசவிட வேண்டாம் என்று எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் நாங்கள் போனபோது அவருக்குக் கண்ணைத் திறப்பதே பாடாக இருந்தது. காலடிச் சத்தத்தை வைத்தே தம்பி என்று தெரிந்துகொண்டார்.

"அழிச்சிட்டியா?"

அட்டை அலமாரியில் அதன் இடத்தில் இருந்தது. காலையில் போய் அவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அழிச்சிட்டேண்ணே."

"அப்பாடா" என்றார் பெரியண்ணன். மூன்றாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தார், நாட்டுக்காக ஒரு நிமிடம்கூட ஆடாதவராகவே.