நீ என் தாளைப் பார்க்காதே

செல்வா போய்விட்டான்.

காலையில் கோப்பி கலக்கும்போது அவன் தங்கச்சி கலாவின் மெசேஜ். "அக்கா, அண்ணன் போயிட்டாரு. தூக்கத்துலேயே." திரும்பத் திரும்பப் படித்தேன்... அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

டைப்பிங்கில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அவனைத் தெரியாது. எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் கடைவீடு ஒன்றின் மாடியில், ஃபேக்டரி மெஷின்களுக்குக் கன்ட்ரோலர் போர்டு செய்யும் சின்னக் கம்பெனி. அங்கே எனக்கு எதிர் மேசை.

அவன் எழுதியது அசெம்ப்ளர். நாம் எழுதும் கட்டளையைச் சிப்புக்குப் புரிகிற நம்பராக மாற்றும் புரோகிராம். நான் எழுதியது நேரெதிர், டிஸ்அசெம்ப்ளர். நம்பரைத் திரும்பக் கட்டளையாக்கும்.

எந்தச் சிப்பும் ஆபீஸை விட்டுப் போகும் முன் ஒரு சடங்கு உண்டு. அவன் நம்பரை உரக்கப் படிப்பான், சில நம்பரில் எழுத்தும் கலந்திருக்கும். "சி-டி, ஜீரோ-ஜீரோ, ஃபோர்-ஜீரோ." நான் என் பிரிண்ட்டைப் பார்த்து, "கால், ஃபோர் தௌசண்ட்" என்பேன், அந்த முகவரியில் இருப்பதைக் கூப்பிடு என்ற கட்டளை. முகவரியில் மட்டும் பின்பாதி முதலில் வரும், அந்தச் சிப்பின் குணம் அது. கீழே பூக்கடைக்காரர் நாங்கள் ஏதோ மந்திரம் ஓதுகிறோம் என்றே நம்பினார்.

இரண்டும் ஒத்துப்போனால் செல்வா நாற்காலியில் சாய்ந்துவிடுவான். நான் மட்டும் இன்னொரு தடவை முதலிலிருந்து பார்ப்பேன்.

"எழுதறது என் வேலை. பயப்படறது உன் வேலை. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?" என்பான். எனக்கு அவன் வைத்த பெயரே 'பயம்'. "பயம், தே குடிக்க வரியா?"

பிறகு கிள்ளானில் மீ, அதாவது நூடுல்ஸ், செய்யும் அந்த ஃபேக்டரியின் பாய்லர்...

ஆர்டர் கிடைத்ததே கலாவால்தான். அவள் அங்கே கிளார்க். அவள் மேசைக்கு அடுத்த சுவர் பாய்லர் ரூம்.

வேலை சின்னதுதான். லிமிட்டிலிருந்து சூட்டைக் கழி, விடை மைனஸ் என்றால் பாய்லரை நிறுத்தும் இடத்துக்குத் தாவு. அந்தத் தாவலை நாங்கள் அதுவரை பயன்படுத்தியதில்லை. டெஸ்ட் செய்தோம், சரியாக நின்றது. சடங்கும் முடிந்தது, எல்லாம் ஒத்துப்போனது.

மாட்டிய கொஞ்ச நாளில் கலா ஃபோன் செய்தாள். "அண்ணே, பாய்லர் சும்மா சும்மா தானா நிக்குது. சூடே ஏறல."

செல்வா சிரித்தான். "ரொம்ப சேஃப்டியா எழுதிட்டேன் போல-லா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நின்று கத்தியே விட்டேன். "நிக்கக்கூடாத நேரத்துல நிக்குதுன்னா, நிக்க வேண்டிய நேரத்துல நிக்குமா செல்வா?"

"பயம் ஆரம்பிச்சிட்டா" என்று ஃபோனை வைத்தான்.

எந்தக் கட்டளைக்கு எந்த நம்பர் என்று சிப்புக்காரர்கள் போட்ட அசல் புத்தகம் பாஸ் ரூமில் இருந்தது, போய் எடுத்தேன். நாங்கள் இருவரும் பார்த்து எழுதியது, அதிலிருந்து ஆபீஸில் டைப் அடித்த ஒரு சார்ட். அந்தச் சார்ட்டில் இரண்டு கட்டளைகளின் நம்பர் இடம் மாறியிருந்தது.

விடை மைனஸா என்று சிப்பு பார்க்கவே இல்லை. விடையை ஒன்றும் பூஜ்ஜியமுமாக எழுதினால் அதில் எத்தனை ஒன்று இருக்கிறது, ஒற்றையா இரட்டையா என்று பார்த்துக்கொண்டிருந்தது. இரட்டை என்றால் நிறுத்தும். ஒற்றை என்றால்... எவ்வளவு சூடானாலும் விட்டுவிடும். டெஸ்டில் சரியாக நின்றது வெறும் அதிர்ஷ்டம்.

அவனும் அதே சார்ட், நானும் அதே சார்ட். அதனால் தப்பும் அழகாக ஒத்துப்போயிருக்கிறது.

செல்வாவின் முகம் வெளுத்துவிட்டது. ஃபோன் செய்தான், எங்கேஜ்ட். மறுபடியும் எங்கேஜ்ட். அப்படியே மோட்டாரை எடுத்தான், நான் பின்னால் ஏறினேன்.

ஃபெடரல் ஹைவே முழுக்க ஜாம். ஹெல்மெட்டுக்குள் அவன் "முருகா முருகா" என்று சொல்லிக்கொண்டே வந்தது எனக்குக் கேட்டது. சாமி இல்லை என்று என்னிடம் வாதாடுகிறவன்.

போய்ப் பார்த்தால் பாய்லர் ஆறிக் கிடக்கிறது. ரூம் வாசலில் கலா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், சூப்பர்வைசர் மலாயில் அவளைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

"யாரு அடைக்கச் சொன்னது?" என்றான் செல்வா.

"நீ சிரிச்சே அண்ணே. ஆனா பின்னால அக்கா சிரிக்கலையே. அதான் மெயின் சுவிட்சை அடைச்சிட்டேன்."

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். நானும்தான்.

அதற்குப் பிறகு புதுச் சட்டம் போட்டான். அவன் புத்தகத்தைப் பார்த்து எழுதினால், நான் சிப்பிலேயே ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கக் கூடாது. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில்கூடப் பரீட்சையில் பையன்கள் மறைக்கிற மாதிரி கையை வைத்து மறைப்பான். "நீ என் தாளைப் பார்க்காதே!" கை முழுக்க ரசம்.

போன வாரம் செராஸ் வீட்டிலிருந்து ஃபோன் செய்தான்.

"நெஞ்சுல கொஞ்சம் பிடிப்பா இருந்துச்சு. செக் பண்ணிட்டேன்-லா, எல்லாம் நார்மல். ரெண்டு டாக்டரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. நீ பயப்படாம தூங்கு."

"ரெண்டாவது டாக்டர் உன்னைப் பார்த்துச் சொன்னாரா, முதல் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னாரா?"

பின்னால் ஓடிய டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"...ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான்."

அப்புறம் சிரித்தான். "சரி பயம். மூணாவது ஆளைப் பார்க்கிறேன். ஒரு பேப்பரும் காட்ட மாட்டேன், போதுமா?"

வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வைத்திருந்தானாம். கலா சொன்னாள்.

இன்றைக்குச் செவ்வாய்.

நாளைக் காலை செராஸ் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். அவனைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

நல்லபடியா போய்ச் சேரு செல்வா... பயப்படற வேலையை நான் பார்த்துக்கறேன்.