காந்திபுரம் சிக்னலில் எடுத்த போட்டோ

உக்கடத்து நிஜாம் பல வருஷம் காய்கறி லோடு ஓட்டியவர். மூட்டை ஏற்றி இறக்க முதுகு இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வேன் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். அதை விட்டால் ஸ்டியரிங் பிடிக்க அவருக்கு வேறு இடமில்லை. ஆனால் அங்கே டிரைவரின் சொந்த வண்டி நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டி, அபராதம் ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள்.

நிஜாமின் ஸ்கூட்டர் மேல் ஓர் அபராதம் உண்டு. காந்திபுரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டியது. மெசேஜ் வந்த அன்றைக்கே கட்டிவிட்டார். கட்டினால் அழிந்துவிடும் என்று நினைத்திருந்தார். இ-சேவை மையத்து இளவேனில் திரையைத் திருப்பிக் காட்டினாள். 'கட்டப்பட்டது' என்று போட்டு, போட்டோவோடு அப்படியே இருந்தது. எத்தனை நாளைக்கு இருக்கும் என்று கேட்டார். எதுவும் அழிந்து இதுவரை பார்த்ததில்லை என்றாள்.

போட்டோதான் உறுத்தியது. ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் தெரியவில்லை. பின்சீட்டில் சீருடையோடு மகள் ஹிபா, தலையில் ஹெல்மெட் இல்லாமல்.

அக்கா மகன் சுஃப்யான் தானாகவே ஒரு வழி சொன்னான். "நான் ஓட்டுனேன்னு சொல்லிப்போடுங்க மாமா. மூஞ்சியா தெரியுது?"

பள்ளியில் வேன்களைப் பார்த்துக்கொள்ளும் திருமலைசாமி, போட்டோவைப் பெரிதாக்கினார்.

"ஏனுங்க பாய், இது யாருங்க ஓட்டுனது?"

சுஃப்யான் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. படத்தில் ஹிபாவின் இரண்டு கைகளும் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. பரீட்சைக்கு நேரமான அவசரத்தில் அந்தப் பிடி அன்றைக்கு உறைக்கவே இல்லை.

"நானுங்க. பின்னாடி இருக்கறது எம்பட புள்ளைங்க."

"பெத்த புள்ளையவே இப்படிக் கூட்டீட்டுப் போனவருகிட்ட ஊரான் புள்ளைகளை எப்படிங்க ஏத்தி உடறது?"

கேட்பது நியாயம்தான் என்று சொல்லி நிஜாம் எழுந்துவிட்டார். திருமலைசாமி உட்காரச் சொன்னார். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் தம்பி ஓட்டினான், மச்சான் ஓட்டினான் என்றே சொல்வார்களாம். ஒரு மாதம் பக்கத்து ரூட்டில் ஓட்டட்டும், வேனில் வரும் ஆயாம்மா சொல்வதை வைத்து முடிவு செய்யலாம் என்றார்.

"அந்த போட்டோ எப்பத்தான் போகும், அத்தா?" என்று வீட்டில் ஹிபா கேட்டாள். தெரியவில்லை என்றார்.

மறுநாள் ஹிபாவுக்குப் புது ஹெல்மெட்டின் வாரை அவரே குனிந்து மாட்டிவிட்டு ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். காந்திபுரத்தில் மஞ்சள் விழுந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கினான். நிஜாம் காலை ஊன்றி நின்றார்.

இடுப்பிலிருந்த கைகள் லேசாகத் தளர்ந்தன.