நாற்பத்தெட்டு வினாடி

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் ஓடாத மின்விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வீட்டு வாசலில் நின்றார். "நீங்க மிலிட்டரில டெக்னீஷியன்னு கேள்விப்பட்டேன். இதைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்றார். தான் பார்ப்பது மிஷின் இல்லை, மனசு என்று அவள் விளக்கினாள். அவர் விசிறியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். அன்றிலிருந்து தெருவில் அவளைப் பார்த்தால் போதும், கேட்பதற்கு முன்பே "நான் நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிடுகிறார்.

மாமியார் வருகிறவர்களிடம் எல்லாம் "மருமக மிலிட்டரில நர்ஸு" என்பார். திருத்தித் திருத்தி வாய் வலித்ததுதான் மிச்சம். முகாமில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் அரை டாக்டர். அதில் அரைகூட உண்மையில்லை. வருகிறவனை உட்காரவைத்து இரத்த அழுத்தம் பார்ப்பது அவள். தூக்கம், சாப்பாடு, குடி, குடும்பம் என்று ஒன்றுவிடாமல் கேட்பது அவள். படிவத்தை நிரப்பவைத்துக் கூட்டிப் போடுவது, வார்டில் இருப்பவர்களைக் கால் மணிக்கொருமுறை எட்டிப் பார்த்துக் குறிப்பது, சாப்பாடு முடிந்ததும் ஸ்பூன்களை எண்ணிப் பூட்டுவது, மூச்சுப் பயிற்சி வகுப்பில் இருபது முரட்டு ஆட்களைக் கண்மூட வைப்பது, எல்லாம் அவள்தான். கடைசியில் போடும் ஒரு கையெழுத்து மட்டும் டாக்டருடையது. அந்தக் கையெழுத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. மருந்தகப் பிரிவு கேட்டாள். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மனநலப் பிரிவில் தள்ளினார்கள். நான்கு மாதம் வகுப்பு. மாணவர்களே மாறி மாறி நோயாளியாக நடிக்க வேண்டும்; கண்ணாடிக்குப் பின்னால் பயிற்சி அதிகாரி உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிப்பார். நாற்காலிகளை நேருக்கு நேர் போடாதே, சாய்வாகப் போடு. அழுகிறவர் பக்கம் டிஷ்யூ பெட்டியைத் தள்ளாதே. தள்ளினால் அழுகையை நிறுத்து என்று அர்த்தம். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு. நினைத்ததை எழுதாதே, பார்த்ததை எழுது, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுது. எல்லாவற்றுக்கும் மேல், உன் கதையை நோயாளியிடம் எந்தக் காலத்திலும் அவிழ்த்துவிடாதே. இதற்குப் பிறகு வார்டில் இரண்டு மாதம். வீட்டுக்கு வந்தபோது பழக்கம் உடம்பில் ஊறிவிட்டிருந்தது. சண்டை போட வந்த கணவர், பதில் பேசாமல் தலையாட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "என்னை என்ன பேட்டியா எடுக்கற? பதிலுக்கு நாலு வார்த்தை திட்டித் தொலையேன்" என்று கத்தினார்.

அவளை உண்மையில் அரித்துக்கொண்டிருந்தது அந்தப் படிவம். பதினாறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. மொத்தம் பதினெட்டைத் தாண்டினால் ஆளை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். இது படைவீரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டால் தப்பிக்கலாம் என்று சாப்பாட்டு வரிசையிலேயே ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒருவன் வந்தான். ஒரு நிமிடத்தில் முடித்தான். பதினாறு பூஜ்யம். கையில் பேனாவைத் திருப்பித் தரும்போது சிரித்தான்கூட. அவள் கூட்டிப் போட்டாள், டாக்டர் கையெழுத்திட்டார், அவன் தன் பிரிவுக்குத் திரும்பினான். மூன்றாவது வாரம் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மொத்தம் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதிய கை தன்னுடையது என்பது அவளுக்கு மட்டும் மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். படிவத்தை வாசித்து எழுதுகிறவனுக்கு ஆறேழு நிமிடம் ஆகிறது. வாசிக்காமல் எழுதுகிறவனுக்கு ஒரு நிமிடம். நேரத்தை எழுத ஒரு கட்டம் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினாள். அங்கீகரிக்கப்பட்ட படிவத்தில் அப்படிக் கட்டம் இல்லை என்று பதில் வந்தது. இல்லாததால்தானே கேட்கிறேன் என்று மறுபடி எழுதினாள். அதே பதில், தேதி மட்டும் வேறு. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் பாட்டுக்குப் படிவத்தின் மூலையில் பென்சிலால் நேரத்தைக் குறித்து வந்தாள். டாக்டர் அதை ஏதோ கிறுக்கல் என்று நினைத்து ஒருமுறை அழித்தும் வைத்தார்.

ஒரு திங்கட்கிழமை லாரி ஓட்டுநர் ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். மூன்று மாதத்துக்கு முன் சரக்கிறக்கும் இடத்தில் அவன் லாரியைப் பின்னால் எடுத்தபோது, பின்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்த கூட்டாளி சக்கரத்தில் சிக்கி இறந்துவிட்டான். விசாரணையில் ஓட்டுநர்மேல் தவறில்லை என்று முடிவானது. சனிக்கிழமை நீண்ட பயணத்துக்கு லாரிகள் கிளம்புகின்றன. அதற்கு முன் அவனுக்குத் தகுதிச் சீட்டு வேண்டும். படிவத்தை வாங்கினான், ஐம்பத்தைந்து வினாடியில் திருப்பிக் கொடுத்தான். பதினாறு பூஜ்யம்.

மறுநாள் சன்னல் வழியே பார்த்தபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். கிடங்குக்கு முன்னால் லாரியை நிறுத்தியிருந்த அவன், கொஞ்சம் பின்னால் எடுத்துத் திருப்பினால் முடிகிற இடத்தில், முன்பக்கமாகவே கிளம்பி மைதானத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வெளியே போனான். புதன்கிழமையும் அதே சுற்று. வண்டிப் பிரிவு அதிகாரியிடம் விசாரித்தாள். "தங்கமான பையன். டீசல்தான் கொஞ்சம் அதிகம் குடிக்குது அவன் வண்டி" என்றார் அவர். அவளுக்குப் புரிந்துவிட்டது, மூன்று மாதமாக அவன் ஒருமுறைகூட வண்டியைப் பின்னால் எடுக்கவில்லை. பதினாறு கேள்வியில் அதைப் பற்றி எந்தக் கேள்வி கேட்டது?

டாக்டர் மூன்று முகாம்களுக்கு ஒரே ஆள். வியாழக்கிழமை காலை வந்தார். பன்னிரண்டு மணிக்கு அடுத்த முகாமுக்குக் கிளம்பிவிடுவார். அவள் குறிப்பை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பின்னால எடுக்க மாட்டேங்கறான். சரி. இது வண்டிப் பிரிவு பிரச்சினை இல்லையா?"

"சார், பாதி வழியில மலைப்பாதையில பின்னால எடுக்க வேண்டி வந்தா? பின்னால இன்னொரு ஆள் நின்னு கைகாட்டினா?"

"எனக்குப் புரியாம இல்ல. ஸ்கோர் பூஜ்யம். விசாரணை முடிஞ்சுபோச்சு. நீங்க சன்னல் வழியா பார்த்ததை வச்சு நான் ஒருத்தனை நிறுத்தினா நாளைக்கு விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வரும். அவன் வாயால ஒரு வார்த்தை வரணும். வார்டை முடிச்சிட்டு வர்றேன், முக்கால் மணி நேரம் இருக்கு. அப்படி ஒரு வார்த்தை வந்தா நிறுத்தறேன். வரலைன்னா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறேன்."

அவள் ஓட்டுநரை உள்ளே கூப்பிட்டாள். நாற்காலி சாய்வாக இருந்தது. டிஷ்யூ பெட்டி எட்டும் தூரத்தில் இருந்தது. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. எப்படி இருக்கீங்க என்றாள். நல்லா இருக்கேன் மேடம் என்றான். காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். பதினைந்து நிமிடம் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

"ஐம்பத்தஞ்சு செகண்டுல முடிச்சீங்க தம்பி," என்றாள் கடைசியில்.

"கேள்வியெல்லாம் சுலபமா இருந்துச்சு மேடம்."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அவன்மேல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பேனாவைத் திருப்பித் தந்து சிரித்தவன் முகம் கண்முன் நின்றது. பயிற்சி, விதி, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி எல்லாம் எங்கேயோ போயிற்று. மேசையில் கிடந்த கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை உருவி அவன் முன்னால் போட்டாள். அது அவளுடைய படிவம். ஊழியர்களும் வருடம் ஒருமுறை நிரப்ப வேண்டும். அன்று காலைதான் அலமாரிமேல் வைத்து நின்றபடியே நிரப்பியிருந்தாள்.

அவன் மேலிருந்து கீழே பார்த்தான். "நீங்களும் பூஜ்யமா?"

"நானும்தான். நாற்பத்தெட்டு செகண்டு. உங்களைவிட ஏழு செகண்டு வேகம்."

"எதுக்கு மேடம்?"

"நீங்க எதுக்குப் போட்டீங்களோ அதுக்குத்தான். உண்மையைப் போட்டா வேலையை விட்டு உட்கார வச்சிருவாங்க."

அவன் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "அப்போ உண்மை என்ன?"

இதற்குப் பதில் சொல்லக் கூடாது. பதினொரு வருடமாக அவள் சொன்னதில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை ஆகியிருந்தது. பேனாவை எடுத்தாள். நான்காம் கேள்வி, தூக்கம். பூஜ்யத்தை அடித்து மூன்று என்று எழுதினாள். "இதே நாற்காலில ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். எல்லாம் பூஜ்யம்னார். கூட்டிப் போட்டது நான்தான். இப்போ அவர் இல்லை." ஐந்தாம் கேள்வி, எரிச்சல். அதற்கும் மூன்று. "இதுக்கு விளக்கம் வேண்டாம், பார்த்தாலே தெரியுது இல்லையா?" அவன் சிரித்துவிட்டான். ஒவ்வொன்றாக அடித்து எழுதிக்கொண்டே போனாள். குற்றவுணர்வு என்ற கேள்வி வந்தபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் எழுதிவிட்டுப் பேனாவை அவன் பக்கம் வைத்தாள்.

அவன் பேனாவைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பேசினான்.

"கண்ணாடில அவன் கை தெரிஞ்சுது மேடம். வா, வான்னு காட்டிட்டே இருந்தான். நான் கையை மட்டும்தான் பார்த்தேன். அப்புறம் கை தெரியலை. சரி, போதும்னு நகர்ந்துட்டான்னு நினைச்சேன். இன்னும் ஒரு அடி எடுத்தேன். அந்த ஒரு அடி நானாத்தான் எடுத்தேன். விசாரணைல அதை யாரும் கேக்கலை."

அவள் அவன் வார்த்தையிலேயே எழுதினாள். டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் தள்ளாமல் இருந்தாள். கடைசியில் அவள் காப்பாற்றியது இந்த இரண்டு விதிகளைத்தான்.

டாக்டர் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார். நின்றபடியே வாசித்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார். எட்டு வாரம் வண்டி ஓட்டக் கூடாது, வாரம் இருமுறை சிகிச்சைக்கு வர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவள் மூச்சு விட்டாள். அப்போதுதான் அவர் அடுத்த தாளைப் புரட்டினார். மேசையிலேயே கிடந்த அவளுடைய படிவம் அது.

"இது என்ன, இவ்வளவு அடித்தல் திருத்தல்?"

தப்பாக எழுதிவிட்டேன், வேறு தாள் கொடுங்கள் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வாசலுக்கு வெளியே பெஞ்சில் அந்த ஓட்டுநர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் கூட்டினார். "இருபத்தொண்ணு," என்றார். தாளை மேசையில் வைத்தார். "நான் இதைப் பார்க்காத மாதிரி இருந்துடலாம். ஆனா மூணு வருஷமா என்கிட்ட சண்டை போடறதே நீங்கதான். கட்டத்தை மட்டும் பார்க்காதீங்க சார், ஆளைப் பாருங்கன்னு. இப்ப நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

அவள் வாதமே அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. ஆறு வாரம் அவள் யாரையும் பேட்டி எடுக்கக் கூடாது, சிகிச்சைக்கு வர வேண்டும், மற்ற நேரம் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருக்கலாம் என்று முடிவானது. அந்தத் திருத்தல் எப்படி வந்தது என்பதை அவளே சொல்லிவிட்டாள்; நோயாளியிடம் சொந்தக் கதை பேசியதற்கு விளக்கம் கேட்டுத் தனியாக ஒரு கடிதம் வரும் என்றும் டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். கணவரிடம் சொன்னபோது அவர் வழக்கம்போலக் கத்தவில்லை. "ராத்திரியெல்லாம் நீ புரண்டுட்டு இருந்தது எனக்குத் தெரியும்," என்றார். "தெரிஞ்சா கேட்டிருக்கலாம்ல?" என்று அவள்தான் கத்தினாள். பதினொரு வருடத்தில் அது முதல் தடவை.

அடுத்த வியாழக்கிழமை அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே கூப்பிடுகிறவளாக இல்லை, கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவளாக. பத்து நிமிடத்தில் ஓட்டுநர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எத்தனை வாரம் மேடம்?"

"ஆறு."

"எனக்கு எட்டு," என்றான் அவன். "உண்மையைப் போட்டா உட்கார வச்சிருவாங்கன்னு சொன்னீங்க. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இதைத்தானே சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் சொல்கிறார்கள்? நாளைக்கு இவர்கள் இருவரின் கதையும் அந்த வரிசையில் ஓடும். அடுத்து வருகிறவன் முப்பது வினாடியில் முடிப்பான்.

அவளுக்குப் பதிலாக வந்திருந்த டெக்னீஷியன் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் பழக்கத்தில் தன் கடிகாரத்தைத் திருப்பினாள்.

"நேரத்தை நான் பார்த்துக்கறேன் மேடம்," என்றான் ஓட்டுநர். "நீங்க எழுதுங்க."

அவள் முதல் கேள்வியை வாசித்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் முறை மற்றவர்களுக்குக் கொடுத்த கேள்வி. இரண்டாம் முறையும் வாசித்தாள். பிறகு எழுதினாள். முடித்து நிமிர்ந்தபோது அவன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு நிமிஷம் மேடம்."

அதை எழுத அந்தப் படிவத்தில் இன்னும் கட்டம் இல்லை. அவள் பென்சிலை வாங்கி மூலையில் எழுதினாள். அழிக்க முடியாதபடி நன்றாக அழுத்தி எழுதினாள்.