மூன்றாவது படுக்கை

வாரத்தின் ஏழு நாளுக்கும் ராகுகாலம் எப்போது என்று என் வீட்டுக்காரரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சான்டா கிளாராவில் கம்ப்யூட்டர் சிப் செய்கிற கம்பெனி ஒன்றில் பெரிய வேலையில் இருக்கிறவர். ஆனாலும் வீடு வாங்கக் கையெழுத்துப் போட்டது, கார் எடுத்தது, வேலை மாறியது எல்லாம் ராகுகாலம் தவிர்த்துத்தான். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. நான் பிறந்ததே ராகுகாலத்தில்தான் என்று என் அம்மா சொல்வாள். ஐம்பத்து நான்கு வருஷமாக நன்றாகத்தான் இருக்கிறேன். இவரைக் கட்டிக்கொண்டதைத் தவிர எனக்குப் பெரிய கஷ்டம் எதுவும் வந்ததில்லை.

அந்த மனிதர் போன செப்டம்பரில் சாப்பிட்டுக்கொண்டே, "செகண்ட் ஹேண்ட்ல ஒரு டீசல் மோட்டார்ஹோம் வாங்கலாம்னு இருக்கேன். விண்டர்ல மலைக்குப் போய் ஸ்னோல கேம்ப் பண்ணலாம்" என்றார். ஒரு சின்ன பஸ்ஸுக்குள் அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் அடைத்து வைத்திருப்பார்களே, அந்த வண்டி. எங்கள் ஊர் பிளசன்டனில் லேசாகக் காற்று அடித்தாலே மப்ளரைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர் இவர்.

"ஏனுங்க, கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றேன்.

"ரிடையர் ஆனப்புறம் என்ன பண்றதாம்? உன் மூஞ்சியவே பார்த்துட்டு உக்காந்திருக்கறதா?"

"என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?"

இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார். அவர் வாயை மூடிக்கொண்டால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

எங்களுக்கு ஒரே மகள். இவர் படித்த படிப்பையே படித்து, இவர் கம்பெனிக்கு நாலு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றாள். டாஹோ பக்கத்து மலையில், பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் விழுந்து அடிபட்டால் போய்க் காப்பாற்றுகிற வேலைக்குப் போகிறாளாம். காலை உடைத்துக்கொண்டவர்களைப் போர்வையில் சுற்றி, சறுக்கு வண்டியில் கட்டி, மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வர வேண்டும். அப்பனும் மகளும் சத்தமாகச் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் மறுநாளே சரியாகியிருக்கும். "படிச்ச படிப்பெல்லாம் வீணா?" என்று இவர் ஒரே ஒரு முறை கேட்டார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கோடையில் இரண்டு நாள் வருவாள், மொபைலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள், போய்விடுவாள். குளிர்காலத்தில் வரவே மாட்டாள், அங்கே அப்போதுதான் வேலை அதிகம். நாங்கள் வருகிறோம் என்றால், "தேர் இஸ் நோ ப்ளேஸ் டு ஸ்டே, மா" என்பாள். அவள் சொன்னது பொய்யில்லை. ஆறு பேர் ஒரு வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறார்கள், ஓட்டல் அறைகளும் சீசனில் கிடைக்காது. ஆனால் இடம் இல்லை என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

அப்படியும் இந்த வண்டி ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு வண்டிகள் பார்த்தோம். மற்றவர்கள் இன்ஜினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். இவர் உள்ளே ஏறியதும் முதல் வேலையாக, பின்னால் இருக்கும் பெரிய கட்டிலை விட்டுவிட்டு, டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் தனிப் படுக்கையில் ஏறிப் படுத்துக் காலை நீட்டுவார். அப்புறம் எழுந்து, "பத்தாது" என்று சொல்லி இறங்கிவிடுவார்.

"நமக்குத்தான் பின்னாடி கட்டில் இருக்கே, அங்க ஏன் படுக்கறீங்க?" என்று நான்காவது வண்டியில் கேட்டேன்.

"சும்மா பார்த்தேன்."

அவருக்கு அந்தப் படுக்கை தாராளமாகப் போதும். அவரைவிட ஒரு கை அளவு உயரமானவள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். இடம் இல்லை என்று இனி அவள் சொல்ல முடியாதபடிக்கு இந்த மனிதர் ஒரு இடத்தையே சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று வீடு திரும்பும்வரை நான் அவரிடம் வம்பு செய்யவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

கடைசியாக மொடெஸ்டோ பக்கம் ஒரு வண்டி அமைந்தது. விற்றவர் தனியாக இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா. கணவரும் அவரும் அந்த வண்டியில் சுற்றாத மலையில்லையாம். கணவர் போன பிறகு ஓட்ட ஆளில்லை. படுக்கை நீளமாக இருந்தது. இவர் படுத்து எழுந்து, தலைமாட்டில் கையால் அளந்து பார்த்து, "ஓகே" என்றார். இன்ஜினை அப்புறம்தான் பார்த்தார்.

பணம் கொடுத்து வண்டியை எடுத்தது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்குள் வண்டி கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஈமெயில் வேறு எழுதியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. "உங்கள் நல்ல நேரம் தவறிவிடக் கூடாதென்று முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்துவிட்டேன்" என்று அந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னார். டயருக்கு அடியில் வைக்க இவர் கேட்டதும் எலுமிச்சம்பழம்கூடத் தன் மரத்திலிருந்து பறித்துக் கொடுத்தார். பிறகு வண்டிக்கு முன்னால் குனிந்து, கம்பி வலைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஒயரை வெளியே இழுத்து, மலைக்குப் போனால் ராத்திரியில் இதை, என்று ஏதோ விளக்க ஆரம்பித்தார். இவர் வாட்சைப் பார்த்தார். மணி எட்டு ஐம்பது.

"தேங்க் யூ, தேங்க் யூ, மேன்யுவல்ல பார்த்துக்கறோம்" என்று சொல்லி என்னைக் காருக்கு விரட்டினார். அந்த அம்மா ஒயரைத் திரும்ப உள்ளே சொருகிவிட்டுக் கையசைத்தார். நாலு எலுமிச்சையும் நசுங்க, வண்டி நல்ல நேரத்தில் கேட்டைத் தாண்டியது.

எங்கள் தெருவில் இந்த மாதிரி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது. ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் வாடகைக்கு நிறுத்தினார். வார இறுதியானால் அங்கே போய்த் துடைப்பதும், மிதியடி விரிப்பதும், திரைச்சீலை மாட்டுவதுமாக இருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருந்தால் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன். ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது, மேல் படுக்கையில் மகளின் பழைய நீலப் போர்வை மடித்து வைத்திருந்தது. பார்க்காத மாதிரி இறங்கி வந்துவிட்டேன்.

ஜனவரியில் அவளுடைய பிறந்தநாள் வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பி, அவள் வேலை செய்யும் மலைக்குக் கீழே கரண்ட் வசதி உள்ள ஒரு கேம்ப் மைதானத்தில் போய் இறங்கினோம். சுற்றிலும் இடுப்பளவு பனி. "நாங்க இங்கயே கீழதான் இருக்கோம் கண்ணு, ராத்திரி சாப்பிட வந்துடு" என்று போனில் சொன்னேன். ஓகே என்றாள். அரிசி பருப்பு சாதம் அவளுக்கு உயிர். மலையில் குக்கரில் சரியாக வேகாது என்று இரண்டு விசில் கூடவே விட்டு, நெய்யை உருக்கி வைத்துக் காத்திருந்தோம். எட்டு மணிக்கு மெசேஜ் வந்தது. புதுப் பனி விழுந்திருக்கிறது, விடியுமுன் வேலைக்குப் போக வேண்டும், சாரி, நாளைக்கு.

மறுநாளும் செய்தேன். மறுநாளும் அதே மெசேஜ். இவர் சாப்பிட்டுவிட்டு, நீலப் போர்வையை ஒருமுறை உதறி மறுபடி மடித்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வாசலில் வந்து கிடக்கிறோம், ஒரு வாய் சாப்பிட வர முடியாதா இவளுக்கு? எந்தச் சாமி இந்தப் பிடிவாதத்தை இவளுக்குக் கொடுத்ததோ என்றேன். என்னைத்தான் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு என்று தெரியும். காலை எட்டு மணிக்கு, "இன்னிக்காவது வருவா" என்றேன்.

"வேண்டாம். தூங்கட்டும், பாவம். மூணு மணிக்கு ராகுகாலம், மத்தியானமும் ஸ்னோ இருக்குங்கறாங்க. இப்பவே கிளம்பி இறங்கிடலாம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மனிதர் இவ்வளவு தூரம் வந்து தோற்றுப்போய்த் திரும்புகிறாரே என்று நினைத்துக்கொண்டே பாத்திரங்களை எடுத்து வைத்தேன்.

சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை இருமியது. இன்னொரு முறை திருப்பினார். பத்து முறை திருப்பியும் முனகிவிட்டு அடங்கிவிட்டது. ராத்திரி முழுக்க உள்ளே நாங்கள் ஹீட்டர் போட்டுக்கொண்டு சுகமாகத் தூங்கினோம். வெளியே இன்ஜின் பனியில் விறைத்துக் கிடந்திருக்கிறது.

"நல்ல நேரம் பார்த்து எடுத்த வண்டி" என்றேன்.

"இப்ப பேசாத."

"அவளைக் கூப்பிடறேன்."

"கூப்பிடாதன்னு சொல்றேன்ல. ஹெல்ப்புக்கு வேற யாராச்சும்..."

நான் அதற்குள் கூப்பிட்டுவிட்டேன். கால் மணி நேரத்தில் வந்தாள். பெரிய பூட்ஸ், சிவப்புக் கோட்டு, காற்றில் வெடித்த உதடு. கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தாள். இரண்டு நாளும் அவள் மெசேஜில் சொன்னது சாக்கு இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

வண்டியைச் சுற்றி வந்தாள். முன்னால் குனிந்து, கம்பி வலைக்குப் பின்னால் கைவிட்டு, அந்தக் கறுப்பு ஒயரை இழுத்தாள். "அப்பா, டிட்ன்ட் யூ ப்ளக் திஸ் இன்?"

இது இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டருடைய ஒயர், டீசல் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இங்கே ராத்திரியில் இதைக் கரண்டில் சொருகிவிட்டுத்தான் படுப்பார்கள் என்று சொன்னாள். பக்கத்திலிருந்த கரண்ட் கம்பத்தில் சொருகினாள். நாலு மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆகிவிடும் என்றாள். அந்த அம்மா ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்ல வந்தார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது ஒன்றாகத்தான் விளங்கியிருக்க வேண்டும். இவர் வாட்சைத் தடவிக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதாவது நானும் நல்லவளாக இருப்பதுண்டு.

"உள்ள வா சாமி, சாப்பிடு" என்றேன்.

முந்தின நாள் சாதம்தான், சூடு பண்ணி நெய் விட்டுக் கொடுத்தேன். அவள் மொபைல் கோட்டுப் பையிலேயே இருந்தது. இரண்டாவது தட்டு சாப்பிடும்போது இவர் தொண்டையைச் செருமினார். படிப்பைப் பற்றி ஏதாவது ஆரம்பித்துவிடுவாரோ என்று அவர் காலை மிதிக்கத் தயாரானேன்.

"அந்த ஸ்லெட்ல ஆளை வெச்சு இறக்குவீங்கல்ல, ஸ்லோப்ல அது உன்னை இடிச்சுத் தள்ளிடாதா? பிரேக் மாதிரி ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அப்புறம் ஒரு கரண்டியைச் சறுக்கு வண்டியாகவும் தட்டைச் சரிவாகவும் வைத்துக் காட்டினாள். அடியில் சங்கிலி போடுவார்களாம், முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இவள் குறுக்காகச் சறுக்கி வேகத்தைக் குறைப்பாளாம். இவர் எடை எவ்வளவு, கோணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் சலிக்காமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிறையப் புரிந்த மாதிரியும் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவள் மேலே பார்த்தாள். "இஸ் தட் மை ப்ளாங்கெட்?" என்றாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறி, போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"பத்து நிமிஷம் மா" என்று தமிழில் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் தூங்கிப்போனாள்.

நாங்கள் இருவரும் கீழே உட்கார்ந்து, கிசுகிசுவென்றுகூடப் பேசாமல், அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வெளியே பனி விழ ஆரம்பித்தது. நடுவில் இவர் ஒரு தடவை எழுந்து, கால்மாட்டில் எட்டிப் பார்த்தார். அவள் காலை நன்றாக நீட்டியிருந்தாள். பாதத்துக்கும் பலகைக்கும் நடுவில் இன்னும் நாலு விரல் இடம் இருந்தது. தன் கையை அங்கே வைத்து அளந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மணி பன்னிரண்டரை ஆனது. ராகுகாலத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. இன்ஜின் சூடாகியிருக்கும். பழக்கதோஷம், இவர் கை தானாகச் சாவிக்குப் போனது. டிரைவர் சீட்டுக்கு நேர் மேலேதான் அவள் படுத்திருந்தாள். அந்த உறுமலுக்கு ஊரே எழுந்துகொள்ளும், இவள் எழுந்துகொண்டால் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "இப்ப வேண்டாங்க. ராகுகாலம்" என்றேன்.

அவர் வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"ஆமா" என்றார் மெதுவாக. "இன்னிக்குக் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்."

சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குனிந்து தன் ஷூவைக் கழற்றி, அவள் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.